முகவாதம் வந்தால் மூளை முகத்தை மறந்துவிடுமா?

கேட்டிருப்பது இது: அக்காவுக்கு 7 மாதத்துக்கு முன்பு இடது பக்கம் முகவாதம் வந்தது. பெல்ஸ் பால்சி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாய்க் கோணல் பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் இரண்டு மாதமாகச் சிரித்தால் இடது கண் தானாகச் சுருங்கி மூடிக்கொள்கிறது. "நரம்பு சரியாகிவிட்டது, மூளைதான் மறந்துவிட்டது" என்கிறார் ஒருவர். "மூளைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது உண்மை, பலூன் ஊதும் பயிற்சியைத் தொடரலாமா?

பலூனை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பபிள்கம் மெல்வதையும்தான். ஏன் என்று புரிய வேண்டுமானால் மூளைக்குள் கொஞ்ச தூரம் போய் வர வேண்டும். நான் பிசியோதெரபிஸ்ட். 18 ஆண்டுகளாக என் வேலையில் பாதிக்கு மேல் முகவாதம் வந்தவர்களோடுதான். நீங்கள் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் வாராவாரம் கேட்கிறேன். இரண்டுமே ஆட்களைத் தவறான பயிற்சிக்கு அனுப்புகின்றன என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு சிரிப்பு எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். போட்டோ எடுப்பவர் "கொஞ்சம் சிரிங்க" என்றதும் கட்டளை கிளம்புவது மூளையின் மேற்பரப்பில், உச்சந்தலையிலிருந்து காதை நோக்கி இறங்கும் ஒரு பட்டையிலிருந்து. இயக்கப் புறணி என்பார்கள். உடம்பு முழுவதும் அதில் வரிசையாகக் குடியிருக்கிறது. உச்சியில் கால், பக்கவாட்டில் கை, அதற்குக் கீழே முகம். கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர், நோயாளிகளை விழித்த நிலையிலேயே வைத்து, திறந்த மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு இந்த வரிசையைக் குறித்தார். எட்வின் போல்ட்ரியோடு சேர்ந்து 1937இல் அதை வெளியிட்டார். அதிலிருந்து நமக்கு இங்கே வேண்டியது ஒன்றுதான்: மூளையில் கையும் முகமும் பக்கத்துப் பக்கத்து வீடு.

அங்கிருந்து இறங்கும் கட்டளை மூளைத்தண்டில் இருக்கும் ஒரு நரம்பணுக் கூட்டத்துக்கு வருகிறது. அந்த அணுக்களின் நீண்ட இழைகள் சேர்ந்ததுதான் முக நரம்பு, அதாவது ஏழாவது மண்டை நரம்பு. அது காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகிய குழாய் வழியாக நெளிந்து வெளியே வந்து, கன்னத்தில் கிளை கிளையாகப் பிரிகிறது. பெல்ஸ் பால்சியில் அடிபடுவது அந்த எலும்புக் குழாய்க்குள்தான். நரம்பு வீங்குகிறது, எலும்பு விரிந்து கொடுக்காது, நரம்பு நசுங்குகிறது. ஆகவே "மூளைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்றவர், கோளாறு தொடங்கிய இடத்தைப் பொறுத்தவரை சரியாகவே சொன்னார்.

உங்கள் அக்காவுக்கு இது இப்போது தேவையில்லை என்றாலும், படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. நெற்றிக்கான கட்டளை மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் வருகிறது. வாய்க்கோ பெரும்பாலும் எதிர்ப்பாதியிலிருந்து மட்டும். அதனால் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி வழக்கம்போலச் சுருங்கும். பெல்ஸ் பால்சியில் நெற்றியும் சேர்ந்து செயலிழக்கும். திடீரென்று வாய் கோணியவரால் இரண்டு புருவத்தையும் தூக்க முடிகிறது, அல்லது கை தளர்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். நெற்றியும் அசையவில்லை என்றாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ஸ்காட்லாந்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை எடுத்தவர்களில் 94.4 சதவீதம் பேர் 9 மாதத்தில் முழுதாகத் தேறியிருந்தார்கள். எடுக்காதவர்களில் 81.6 சதவீதம். "காத்து பட்டுடுச்சு, தானா சரியாகிடும்" என்று பத்து நாள் வீட்டிலேயே இருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

சரி, நரம்பு நசுங்கிவிட்டது. மேலே மூளையில் முகத்துக்கான இடம் என்ன ஆகிறது?

இதை முதலில் தெளிவாகக் காட்டியவை எலிகள். நமக்குச் சிரிப்பு எப்படியோ எலிக்கு மீசை அப்படி. அதை ஆட்டுவதும் இதே முக நரம்புதான். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் சேன்ஸும் ஜான் டோனஹ்யூவும் எலியின் மீசைக்குப் போகும் கிளையை வெட்டிவிட்டு, மூளையில் மீசைக்கான இடத்தை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார்கள். மீசை அசைய வழியில்லை. அந்த இடம் சும்மாவும் இருக்கவில்லை. முன்னங்கால் அசைந்தது, சில புள்ளிகளில் கண்ணிமை அசைந்தது. 1988இல் இதை வெளியிட்டார்கள். பிறகு செய்த சோதனைகளில் இந்த மாற்றம் சில மணி நேரத்துக்குள்ளேயே வந்துவிடுவது தெரிந்தது.

சில மணி நேரம் என்பதுதான் இதில் யோசிக்க வைக்கும் விஷயம். அதற்குள் புதிய நரம்பிழை எதுவும் முளைத்திருக்க முடியாது. அப்படியானால் முன்னங்கால் எப்படி உள்ளே வந்தது? 1991இல் கிம்பர்லி ஜேக்கப்ஸும் டோனஹ்யூவும் விடை கண்டார்கள். நரம்பை வெட்டவே இல்லை. மூளையில் முன்னங்காலுக்கான இடத்தில், காபா என்ற அடக்கும் ரசாயனத்தைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். உடனே பக்கத்து மீசை நிலத்தைத் தூண்டினால் முன்னங்கால் அசைந்தது. அதாவது இரண்டு வயலுக்கும் நடுவே வாய்க்கால் முன்பே இருந்திருக்கிறது. மடை அடைத்திருந்தது, அவ்வளவுதான். நரம்பு அறுந்ததும் மடை திறந்துகொள்கிறது.

மனிதர்களிடமும் இதைப் பார்த்தார்கள். 1997இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் முகவாதம் வந்தவர்களின் மூளையை மண்டைக்கு மேலிருந்தே காந்த அலையால் தூண்டியும், விரலை அசைக்கும்போது ஸ்கேன் எடுத்தும் அளந்தார்கள். பாதிக்கப்பட்ட முகத்துக்கு எதிர்ப்பக்க மூளையில் கையின் எல்லை முகத்தின் பக்கமாக விரிந்திருந்தது. கையில் இவர்களுக்கு எந்த நோயும் கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

இதே அண்டை வீட்டுக் கதையைத் தொடு உணர்ச்சியில் காட்டியவர் நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். கையை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சால் தொட்டபோது, இல்லாத கையின் விரல்களைத் தொடுவதாக அவர் உணர்ந்தார். அங்கே கை போய் முகம் உள்ளே வந்தது. முகவாதத்தில் முகம் ஓய்ந்து கை உள்ளே வருகிறது.

"அப்படியென்றால் மூளை முகத்தை மறந்துவிட்டது என்பது சரிதானே?" என்று கேட்பீர்கள். இல்லை. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். பக்கத்து வயல்காரர் வரப்பைத் தாண்டி ஓர் ஓரத்தில் விதைத்துவிட்டால் உங்கள் பட்டா அழிந்துவிடாது. மூளை ஆய்வாளர் தாமர் மேக்கின் 2013இல் கையை இழந்தவர்களை ஸ்கேன் செய்தபோது, இல்லாத கையை அசைப்பதாக நினைத்தாலே பழைய கை இடம் ஒழுங்காக வேலை செய்ததைப் பார்த்தார். 2023இல் அவரும் ஜான் கிராக்கவரும் சேர்ந்து, மூளையின் ஓர் இடம் தன் பழைய வேலையைத் துறந்து புது வேலைக்கு மாறிவிடுகிறது என்ற பேச்சே மிகைப்படுத்தல் என்று ஒரு நீண்ட கட்டுரையில் வாதிட்டார்கள். மறைந்திருந்த பழைய இணைப்பு வலுப்பெறுகிறது, மூளை புதிதாகக் கற்றுக்கொள்கிறது, இவ்வளவுதான் நடக்கிறது என்பது அவர்கள் கட்சி. நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் யாரும் சிரிக்க மறந்தவர்களாக இல்லை. சிரிப்புக்கான கட்டளை உள்ளிருந்து சரியாகவே கிளம்புகிறது. உங்கள் அக்காவுக்கும் அப்படித்தான் இருக்கும்.

பிசகுவது கீழே. மூளைத்தண்டின் அந்த நரம்பணுக் கூட்டத்தை 1968இல் பிளின்ட்சிங்கரும் கிராய்ட்ஸ்பெர்க்கும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எலியின் முக நரம்பை வெட்டிய சில நாட்களில், மூளையின் துப்புரவு அணுக்கள் ஓடிவந்து அந்த நரம்பணுக்களைச் சூழ்ந்துகொண்டு, மேலிருந்து வந்து ஒட்டியிருந்த இணைப்பு முனைகளைப் பெயர்த்து விலக்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் நரம்பணுவுக்குத் தன் அறுந்த இழையை வளர்ப்பதுதான் வேலை. எனவே தொடக்க வாரங்களில் "விடாமல் முயற்சி பண்ணுங்க, முக்கி முக்கிச் சிரிங்க" என்று துன்புறுத்துவதில் பயனில்லை. அந்தக் காலத்தில் கண்ணைக் காப்பாற்றினால் போதும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை டேப் ஒட்டி மூடுவது.

பிறகு இழை வளர்கிறது, ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். நசுங்கல் லேசாக இருந்தால் இழையின் உறை அறுந்திருக்காது. தன் பழைய குழாயிலேயே சரியான தசைக்குப் போய்ச் சேரும். டென்மார்க்கில் எரிக் பெய்டர்சன் 25 ஆண்டுகள் மருந்து கொடுக்காமல் கவனித்து 2002இல் வெளியிட்ட கணக்கில், பெல்ஸ் பால்சி வந்தவர்களில் 85 சதவீதம் பேருக்கு 3 வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது. மீதி 15 சதவீதம் பேருக்கு 3 முதல் 5 மாதம் ஆனது. முழுதாகப் பழையபடி ஆனவர்கள் 71 சதவீதம். உங்கள் அக்கா அந்த 15இல் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன். தாமதமாகத் திரும்பும் நரம்பு வழி தவறித் திரும்பும் நரம்பு. வாய்க்குப் போக வேண்டிய இழைகளில் சில கண்ணைச் சுற்றிய தசைக்குள் போய் முடிந்துவிடுகின்றன. ஒரே இழை கிளைத்து இரண்டு இடத்துக்கும் போவதும் உண்டு. இதை இணையசைவு என்கிறோம், ஆங்கிலத்தில் சின்கைனீசிஸ். (5 மாதம் தாண்டியும் துளிக்கூட அசைவு திரும்பவில்லை என்றால் அது பெல்ஸ் பால்சிதானா என்றே சந்தேகப்பட வேண்டும். ஸ்கேன் எடுக்காமல் விடக்கூடாது.)

வீட்டில் வயரிங் செய்தவர் சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் கம்பிகளை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் சுவிட்சைப் போட்டால் லைட்டும் சேர்ந்து எரிகிறது. சுவிட்சைப் போடுகிற கையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இனி அந்த வீட்டில் இருக்கப்போகிறவர் எந்தச் சுவிட்சை எவ்வளவு அழுத்தினால் என்ன நடக்கிறது என்று புதிதாகப் பழகியாக வேண்டும். மூளைக்கு இப்போது இருக்கும் வேலை அதுதான்.

பலூன் ஏன் கூடாது என்பது இங்கே விளங்கும். பலூன் ஊத முகத்தின் அத்தனை தசையும் முழு வேகத்தில் இறுக வேண்டும். வழி தவறிய இழை, தவறாத இழை எல்லாம் ஒன்றாக வேலை செய்யும். கண்ணும் வாயும் சேர்ந்தே இறுகுவதை நாளுக்கு ஐம்பது முறை மூளைக்கு நீங்களே பாடம் நடத்துகிறீர்கள். கரண்ட் வைப்பதும் ஏறக்குறைய இதே கதை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2011 தொகுப்பு மின்தூண்டலால் குறிப்பிடத்தக்க பலன் இருப்பதாகக் காணவில்லை. ஆளுக்கேற்ப அமைத்த முகப் பயிற்சிக்கு, அதுவும் நாள்பட்டவர்களிடம், ஓரளவு பலன் இருப்பதைத்தான் கண்டது. வலுவான சான்று என்று அதையும் சொல்ல முடியாது. ஆனால் என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது.

அந்தப் பயிற்சி எப்படி இருக்கும் என்று ஒருவரை வைத்துச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஒருவர் வந்தார். முதல் மாதங்களில் அவருக்குப் பெரிய துன்பம் 'ப'வும் 'ம'வும். உதடு ஒட்டாமல் காற்று ஓரத்தில் புஸ்ஸென்று போகும். வருகைப் பதிவு எடுக்கும்போது பிள்ளைகள் சிரித்துவிடுவார்களோ என்று பயந்து பேர் சொல்லாமல் எண் சொல்லிக் கூப்பிட்டாராம். என்னிடம் வந்தபோது அதெல்லாம் சரியாகி, உங்கள் அக்கா நிலையில் இருந்தார். டீ உறிஞ்ச உதட்டைக் குவித்தால் கண் மூடிக்கொள்ளும்.

கையில் ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்து, ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். "உதட்டு ஓரத்தை ஒரு நூல் அளவு மட்டும் தூக்குங்க. கண்ணைப் பாருங்க, வாயைப் பார்க்காதீங்க" என்றேன். முதல் முயற்சியில் கீழ் இமை படக்கென்று மேலே வந்தது. "பாதி குறைங்க." மறுபடி வந்தது. "இன்னும் பாதி." ஏழாவதோ எட்டாவதோ முறை, உதட்டோரம் அசைந்ததா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு அசைந்தது. இமை அப்படியே இருந்தது. அங்கேயே நிறுத்தி மூன்று எண்ணி, மெதுவாக இறக்கச் சொன்னேன். ஒவ்வொரு முறைக்கும் நடுவே கன்னத்தை விரலால் நீவித் தளர்த்தினோம். இருபது நிமிடத்தில் "ஒரு மைல் நடந்த மாதிரி இருக்கு சார்" என்றார். உண்மையிலேயே மூளைக்கு அது அவ்வளவு பெரிய வேலை.

கண்ணாடி இதில் அலங்காரம் இல்லை. கை, கால் தசைக்குள் நீளத்தை அளந்து மூளைக்குச் சொல்லும் நுண்கருவிகள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டும் விரல் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிவது அதனால்தான். முகத் தசைகளில் அவை அநேகமாக இல்லை. முகம் என்ன செய்கிறது என்பதை மூளை, தோல் இழுபடுவதை வைத்தே ஊகிக்கிறது. அந்தச் செய்தியைக் கொண்டுபோவது வேறொரு நரம்பு, ஐந்தாவது மண்டை நரம்பு. அது பழைய கணக்கிலேயே பேசிக்கொண்டிருக்க, கீழே கம்பி மாறிக் கிடக்கிறது. இந்தக் கணக்கைத் திருத்தக் கண்ணால் பார்ப்பதைத் தவிர நல்ல வழி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகத்தை ஆட்டும் இடம் மூளையில் ஒன்று மட்டும் இல்லை. குரங்குகளின் மூளையை ஆராய்ந்து ராபர்ட் மோர்கிராஃப்ட் குழு 2001இல் காட்டியபடி, ஒவ்வொரு பாதியிலும் முகத்துக்கென ஐந்து பகுதிகள் உண்டு. அவற்றில் சில மூளையின் உட்பக்கச் சுவரில், உணர்ச்சியோடு தொடர்புள்ள இடத்தில் இருக்கின்றன. போட்டோவுக்குச் சிரிப்பதும் பேரப்பிள்ளையின் மழலையைக் கேட்டுச் சிரிப்பதும் வேறு வேறு பாதையில் வருகின்றன. அதனால் அக்கா கண்ணாடி முன் அழகாகச் செய்துவிட்டு, டிவி பார்த்துச் சிரிக்கும்போது பழையபடி கண் மூடினால், பயிற்சி வீண் என்று மனம் உடைய வேண்டாம். பழகியது ஒரு பாதை. மற்றதுக்கு இன்னும் சில மாதம் ஆகும்.

ஆகுமா என்ற சந்தேகத்துக்கு என்னிடம் இருக்கும் மிக நல்ல சான்று அறுவை சிகிச்சையிலிருந்து வருகிறது. முக நரம்பு முற்றிலும் போனவர்களுக்குத் தொடையிலிருந்து ஒரு தசையை எடுத்துக் கன்னத்தில் வைத்து, கடிப்பதற்கான நரம்பின் கிளையோடு இணைப்பார்கள். தொடக்கத்தில் பல்லைக் கடித்தால்தான் சிரிப்பு வரும். டொரோன்டோவில் மான்க்டெலோ, ஸூக்கர் குழு 2006இல் வெளியிட்ட கணக்கில், 85 சதவீதம் பேர் கடிக்காமலே சிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். 59 சதவீதம் பேருக்கு, நினைக்காமலேயே வரும் சிரிப்பு வழக்கமாகிவிட்டது. வளர்ந்தவர்கள், வேறு வேலைக்கான நரம்பு, காலிலிருந்து வந்த தசை. அதையே மூளை சிரிப்பாக்கிக்கொண்டது என்றால், சொந்த நரம்பும் சொந்தத் தசையும் இருக்கிற உங்கள் அக்காவுக்கு 7 மாதம் என்பது தாமதமே இல்லை. பல ஆண்டு கழித்து வந்தவர்களிடமும் முன்னேற்றம் பார்த்திருக்கிறேன். கண் இறுக்கம் மிக அதிகமாக இருந்தால், தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசியைக் கண்ணைச் சுற்றிப் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது மூன்று நான்கு மாதம் தாங்கும். அந்த இடைவெளியில் பயிற்சி எளிதாகும்.

அக்கா செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் சிரிப்புப் பயிற்சியே வேண்டாம். இந்தக் கட்டத்தில் இடது கன்னம் தளர்ந்திருப்பதில்லை, இறுகியிருக்கும். கட்டைவிரலைக் கன்னத்தின் உட்புறம் வைத்து, வெளியே இரண்டு விரலால் பிடித்து, மெதுவாகக் கீழ்நோக்கி நீவித் தளர்த்தட்டும். காலை, மாலை ஐந்து நிமிடம். மூன்றாவது வாரத்திலிருந்து நூல் அளவு அசைவு, கண்ணாடியோடு, ஒரு வேளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இமை அசையும் அந்தப் புள்ளிக்குச் சற்று முன்பே நிற்க வேண்டும். முகவாதப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். அதற்கு முன்னால் இன்றைக்கு ஒரு வீடியோ எடுத்துவையுங்கள்: சும்மா இருக்கும் முகம், புருவம் தூக்குதல், கண் மூடுதல், சிரிப்பு, உதடு குவித்தல். செல்ஃபி கேமராவில் வேண்டாம், சில போன்கள் இடம் வலம் மாற்றிச் சேமித்துவிடும். எதிரே நின்று நீங்கள் எடுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே ஜன்னல், அதே நேரம்.